அமுக்கரா: வைத்தியர் கையிலிருந்து இன்ஸ்டாகிராம் வரை

கந்தகோட்டம் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ராசப்ப செட்டித் தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். சுக்கும் வசம்பும் அதிமதுரமும் கலந்த வாடை கூட்டிப் போய்விடும். சென்னையின் பழைய நாட்டு மருந்துக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெரு அது. அங்கே போய் அமுக்கரா கேட்டால், “கிழங்கா வேணுமா, பொடியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கிழங்கு என்று சொல்வது வழக்கமே தவிர, கைக்கு வருவது வெளிறிய பழுப்பு நிறத்தில், விரல் தடிமனைத் தாண்டாத காய்ந்த வேர்த்துண்டு. ஒடித்தால் உள்ளே மாவு வெள்ளை. முகர்ந்தால் நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே வேர் இப்போது கைப்பேசித் திரையிலும் கிடைக்கிறது. அங்கே அதன் பெயர் அஸ்வகந்தா. கேப்ஸ்யூலாக, காபித்தூளில் கலந்ததாக, குழந்தைகள் சப்பும் மிட்டாய் போன்ற கம்மியாகக்கூட வருகிறது. தாடி வைத்த இளைஞர் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றபடி கார்டிசால் குறையும், தூக்கம் வரும், டென்ஷன் பறக்கும் என்று முப்பது விநாடியில் சொல்லி முடிக்கிறார். கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம் வருகிறது: “இயற்கையானது, பக்க விளைவே கிடையாது.”

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கடைசி வாக்கியம்தான். அமுக்கராவை நம்பாதவர்கள் அதற்குச் செய்த கெடுதலைவிட, இப்படிப் புகழ்கிறவர்கள் செய்வது அதிகம். வேலை செய்கிற எந்தப் பொருளும் வேண்டாத வேலையையும் கொஞ்சம் செய்யும். பக்க விளைவே இல்லை என்று சொல்வது அது மருந்தே இல்லை என்று சொல்வதற்குச் சமம். சித்த மருத்துவம் அமுக்கராவை அப்படி நினைத்ததில்லை. சுத்தி செய்து, அளவு பார்த்து, எதோடு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்று யோசித்துத்தான் கொடுத்தது.

எலியில் தொடங்கிய கதை

மன அழுத்தம் மனதில் மட்டும் இருப்பதில்லை, உடம்பில் அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்களைச் செய்கிறது என்பதை ஆய்வகத்தில் காட்டியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் வேலை பார்த்தவர், ஹங்கேரிய வம்சாவளி. எலிகளைக் குளிரில் வைத்தார், அளவுக்கு மீறி ஓடவிட்டார், காயப்படுத்தினார், நச்சுப் பொருள்களை ஊசி மூலம் ஏற்றினார். கொடுத்த துன்பம் எதுவானாலும் எலிக்குள் நடந்தது ஒன்றுதான்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. 1936ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்க அளவில் இதை எழுதினார். இன்று நாம் ஸ்ட்ரெஸ் என்று சாதாரணமாகச் சொல்வதன் மருத்துவ வரலாறு அந்தச் சிறு கடிதத்திலிருந்துதான் வளர்கிறது.

அந்த அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவதுதான் கார்டிசால். விளம்பரங்களைப் பார்த்தால் அது ஏதோ விஷம் என்று தோன்றும். உண்மையில் காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பதே அதுதான். விடியலில் ஏறி, பகல் முழுக்க மெல்ல இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போக வேண்டும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், படுக்கையில் கைப்பேசியோடு ஒரு மணி வரை விழித்திருப்பவர்களுக்கும், கடன் தவணைத் தேதியை நினைத்தே புரள்பவர்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம் குலைகிறது. ஆகவே, கார்டிசாலைக் குறைத்தால் போதும், நிம்மதி வந்துவிடும் என்பது பாதி உண்மை. எப்போது குறைய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

சரி, அமுக்கரா அதைக் குறைக்கிறதா? குறைக்கிறது என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. 2012ல் வெளியான ஓர் ஆய்வு ஐதராபாத்தில் நடந்தது. நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாற்றுக் கேப்ஸ்யூல் தினம் இரண்டு வேளை, இன்னொரு குழுவுக்கு அதே மாதிரியான வெற்றுக் கேப்ஸ்யூல். 60 நாள் கழித்து, சாறு சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கார்டிசால் சராசரியாக 27.9 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 8 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. தூக்கம் பற்றியும் தனி ஆய்வுகள் உண்டு. அவற்றில் ஐந்தை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு கட்டுரை 2021ல் வந்தது. தூக்கத்தில் முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் அது சிறிய முன்னேற்றம் என்பது அதன் முடிவு.

சிறிய முன்னேற்றம் என்பதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கமில்லாமல் அவதிப்படுகிறவருக்கு அரை மணி நேரம் கூடக் கிடைத்தாலும் பெரிய விஷயம். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. எட்டு வாரம், பன்னிரண்டு வாரத்தோடு முடிபவை. பலவற்றுக்கு மருந்தையோ பணத்தையோ கொடுத்தது அந்தச் சாற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே. ஆறு மாதம், ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. இன்ஸ்டாகிராம் இளைஞர் விற்பதோ மாதச் சந்தா.

சூரணத்தின் கணக்கு

சித்த மருத்துவத்தில் இந்த வேர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அமுக்கராச் சூரணமாக வரும். அதன் செய்முறையில் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, கடைசியில் சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதைப் போல இரட்டிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் சொன்னாலும் மறக்காது. வரிசை மட்டும் நினைவிருந்தால் போதும், எடை தானே வந்துவிடும்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் 255 பங்கு. அதில் அமுக்கரா கால்வாசி. சர்க்கரை பாதிக்கு மேல். நீரிழிவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூரணம் என்றதும் கசப்புப் பொடி என்று நினைத்து நம்பிக்கையோடு சாப்பிடுகிறவர்கள் நிறைய. சர்க்கரை சேர்க்காமலும் செய்கிறார்கள், கேட்டு வாங்கலாம். மாத்திரை வடிவமும் இருக்கிறது.

சூரணத்துக்கு முன் வேரைச் சுத்தி செய்ய வேண்டும். பிட்டவியல் என்பார்கள். பானையில் பாலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் அமுக்கராப் பொடியை வைத்து, பாலின் ஆவியில் புட்டு மாதிரி அவித்து, வெயிலில் காயவைத்து மறுபடி பொடிப்பது. இதனால் வேதியியலில் துல்லியமாக என்ன மாறுகிறது என்பது வேறு விவாதம். பச்சையாக அப்படியே கொடுக்கக்கூடாத பொருள் இது என்ற எண்ணம் அந்த முறைக்குள் இருக்கிறதே, அதுதான் இங்கே முக்கியம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சூரணத்தை வேளைக்கு 2 கிராம் எடுத்துப் பாலில் கலந்து குடிக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அமுக்கரா அரை கிராம். வேரின் வீரியத்தை ‘விதனோலைடு’ என்ற வேதிப்பொருள் தொகுப்பைக் கொண்டு அளக்கிறார்கள். காய்ந்த வேரில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. ஆக ஒரு வேளைக்கு 5 மில்லிகிராமுக்குள். கேஎஸ்எம்-66 போல 5 சதவீதம் என்று தரப்படுத்தி விற்கும் சாறாக இருந்தால், 300 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றிலேயே 15 மில்லிகிராம். இதைவிட அடர்த்தியான சாறுகளும் சந்தையில் உண்டு. சூரணம் மேல் இருந்த நம்பிக்கையைத்தான் கேப்ஸ்யூல் தன் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறது. “நூற்றாண்டுகளாக நம் முன்னோர் சாப்பிட்டது” என்று புட்டியில் போட்டிருப்பதைப் படிக்கும்போது, முன்னோர் சாப்பிட்டது இது இல்லை என்பது நினைவில் இருக்கட்டும். அதனால் சாறு கெட்டது என்றாகிவிடாது. ஆய்வுகள் நடந்தது சாற்றில்தான். சொல்ல வருவது இவ்வளவே: பாட்டியின் அனுபவத்தைச் சாற்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அதுபோல, ஐதராபாத் ஆய்வைச் சூரணத்துக்குச் சான்றாகவும் காட்ட முடியாது.

நீமச்சில் விளைவது

அமுக்கரா கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்துச் செடி. அதன் பழம் நம் ஊர் சொடக்குத் தக்காளியைப் போலக் காகித உறைக்குள் சிவப்பாக ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்றாலும் பெருமளவு விளைவது மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களிலும் ராஜஸ்தானின் நாகௌர் பக்கத்திலும். நீமச் மண்டி இந்தியாவின் மூலிகை வியாபாரத்துக்கே தலைமையிடம் மாதிரி. அரசு உரிமம் பெற்ற அபின் சாகுபடி நடப்பதும் அதே வட்டாரத்தில்தான். உலகத்தை மயக்கும் பயிரும், உலகத்தைத் தூங்க வைப்பதாகச் சொல்லும் பயிரும் பக்கத்துப் பக்கத்து வயலில்.

தண்ணீர் அதிகம் கேட்காத, மேட்டு நிலத்துக்கு ஏற்ற பயிர். மழைக்காலத்தில் விதைத்தால் ஐந்தாறு மாதத்தில், இலை காய்ந்து பழம் சிவக்கும்போது வேரோடு பிடுங்குகிறார்கள். வேரை வெட்டி, காயவைத்து, நீளமும் தடிமனும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நல்ல தடிமனான, ஒடித்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும் வேருக்குத்தான் விலை.

ஒரு செடியில் வேர் கொஞ்சம், இலையும் தண்டும் நிறைய. இலை மலிவு. இலையிலும் விதனோலைடு இருக்கிறது. சோதனைச்சாலைக் கருவியில் அளவு காட்டினால் போதும் என்று நினைக்கும் தயாரிப்பாளருக்கு வேரோடு இலையைச் சேர்த்துச் சாறெடுப்பது லாபம். ஆனால் செல்களைக் கொல்லும் தன்மையுள்ள ‘விதாஃபெரின் ஏ’ இலையில்தான் அதிகம். பாரம்பரியமாக உள்ளுக்குக் கொடுத்ததெல்லாம் வேர். 2021ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பி, அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொன்னது. நீங்கள் வாங்கும் புட்டியில் ‘வேர் மட்டும்’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் வேரும் இலையும் என்று வெளிப்படையாகவே இருக்கும். சிலவற்றில் செடியின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஈரல் சொல்வது

2020ல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் அஸ்வகந்தா சாப்பிட்டவர்கள். 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அரிப்பு. நிறுத்தியதும் சில மாதங்களில் நான்கு பேருக்குச் சரியாகிவிட்டது, ஐந்தாமவர் அதன்பின் மருத்துவர்களின் தொடர்பில் இல்லை. 2023ல் இந்திய ஈரல் மருத்துவர்கள் பல ஊர்களிலிருந்து இதே போன்ற நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்டபோது கதை இன்னும் கடுமையாக இருந்தது. ஏற்கெனவே ஈரல் பழுதாகியிருந்து, அதன்மேல் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இது அரிதாக நடப்பதே. அலோபதி வலி மாத்திரைகள் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்வதைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்று சித்த வைத்தியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வலி மாத்திரை விற்பவர் பக்க விளைவே இல்லை என்று சொல்வதில்லை. அட்டைக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்திலாவது எழுதித் தருகிறார்.

டென்மார்க் இன்னொரு கோடிக்குப் போனது. அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020ல் கொடுத்த அறிக்கையில், தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் மீதான விளைவுகளையும் கருச்சிதைவு அபாயத்தையும் காட்டி, பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்றது. அதை வைத்து 2023ல் அஸ்வகந்தாவுக்கு அங்கே தடை வந்தது. இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. வேரையும் செடியின் மற்ற பாகங்களையும் பற்றிய ஆய்வுகளை அறிக்கை ஒன்றாகக் குழப்பிவிட்டது என்பது முக்கிய வாதம். என் பார்வையில் டென்மார்க்கின் தடை அளவு மீறியது. ஆனால், அங்கே ஓர் அரசு உட்கார்ந்து ‘இது உடம்பில் என்ன செய்யும்’ என்று கேட்டிருக்கிறது. இங்கே நாம் அதைக் கேட்காமலே பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏன் கேட்கவில்லை என்றால், நம் சட்டத்தில் இந்த வேர் நுழைய இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம். அமுக்கராச் சூரணம் அந்த வாசல் வழியாக வருகிறது. எந்த நூலின்படி செய்தது, உரிம எண் என்ன என்று அட்டையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் டாம்ப்கால், இம்ப்காப்ஸ் நிறுவனங்களின் தயாரிப்புகளில் பார்க்கலாம். இன்னொன்று உணவு வாசல். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அஸ்வகந்தாவை ஊட்டச்சத்துத் துணையுணவாகவும் விற்கலாம். இந்த வாசலில் வருவதற்கு ஒரு நிபந்தனை: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அட்டையில் போட வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் டென்ஷனுக்கு, தூக்கத்துக்கு. பின்பக்கம் இந்த வரி. இரண்டையும் ஒரே புட்டியில் பார்க்கலாம்.

உணவு என்று ஆனதும் நாள் கணக்கு போய்விட்டது. சித்த வைத்தியர் ஒரு மண்டலம் சாப்பிடுங்கள், பிறகு வந்து பாருங்கள் என்பார். கம்மி மிட்டாய்க்கு மண்டலமும் இல்லை, திரும்பிப் போய்ப் பார்க்க ஆளும் இல்லை.

காசில்லாத ஒன்று

அமுக்கரா கேட்டு வருகிறவரிடம் நல்ல சித்த வைத்தியர் முதலில் வேறு கேள்விகளைக் கேட்பார். மலம் எப்படிப் போகிறது, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், காபி எத்தனை, எண்ணெய் தேய்த்துக் குளித்து எவ்வளவு நாளாகிறது. நாடி பார்ப்பார். கேட்டுக் கேட்டுப் பதினைந்து நிமிடம் போகும். இந்தப் பதினைந்து நிமிடத்திலேயே பாதி டென்ஷன் இறங்கிவிடுகிறது என்றால் அதை மருந்தின் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. கூட்டம் நெரியும் மருத்துவமனையில் இரண்டு நிமிடம்கூட முகம் பார்த்துப் பேசாத மருத்துவரிடமிருந்து வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கூடவே மூச்சுப் பயிற்சியும் சொல்வார்கள். இதற்கு மட்டும் விளம்பரம் கிடையாது, விற்க ஒன்றும் இல்லை என்பதால். 2001ல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவரது குழுவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற திபெத்திய மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாக இறங்கியது. சாதாரணமாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அந்த ஆறில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து, அழுத்தத்தைச் சரிசெய்யும் உடம்பின் அனிச்சைச் செயல் கூர்மையானது. மாதா கோவிலிலும் மடாலயத்திலும் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது மந்திரம்கூட இல்லை. நான்கு நொடி இழுத்து, ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு வந்துவிடும். இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் நினைத்தபடி நிறுத்தவோ நடத்தவோ நம்மால் முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். அதைப் பிடித்து மற்றவற்றை மெதுவாக்குவதுதான் பிராணாயாமத்தின் உடலியல். ஐந்து நிமிடம் செய்தால் அப்போதைக்குப் படபடப்பு அடங்கும். வேலைப்பளுவைக் கொடுக்கும் மேலதிகாரியை அடக்காது. அதை எந்த வேரும் செய்யாது. வாரத்துக்கு எழுபது மணி நேர வேலையை வாங்கிக்கொண்டு, அலுவலக வரவேற்பறையில் ஊழியர் நலனுக்காக அஸ்வகந்தா டீ வைக்கும் நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

அமுக்கரா சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால் சிலர் மட்டும் விலகி இருப்பது நல்லது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஹார்மோன் அளவை ஏற்றிவிடக்கூடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது அவை அளவுக்கு மேல் இறங்கலாம். தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். சாப்பிடத் தொடங்கிய பிறகு சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது அமுக்கராவின் எல்லையைத் தாண்டிய விஷயம். மனநல மருத்துவரிடம் போக வேண்டும், உடனே.

மற்றவர்கள் கேப்ஸ்யூலுக்கு ஆர்டர் போடுவதற்கு முன், அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், தென்மாவட்டத்தவர்களுக்குப் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும், அரசு மருத்துவமனையில் சூரணம் இலவசமாகவே கிடைக்கும். போகும்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆன்லைனில் வாங்கிய புட்டி உட்பட.